பத்துமலையின் பனி டயர்

ஙோ என்று நீளும் ஒரு சத்தம். தகர டப்பாவுக்குள் அகப்பட்ட வண்டு சுற்றிச் சுற்றி வந்து வழி கேட்பது போல இருக்கும். மலாயாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பங்களா மேட்டிலிருந்து தார்ச்சாலையில் இறங்கும் துரையின் காரிலிருந்து அது வரும். கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர்கள். தாரைத் தொட்டால் பாடும். அரை மைலுக்கு அப்பாலேயே கேட்கும். மரத்தடியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றவர்கள் எழுந்து கத்தியை எடுத்துக்கொள்வார்கள். கதை பேசிய பெண்கள் ஆளுக்கொரு மரத்துக்குப் போய்விடுவார்கள். கார் வந்து நிற்கும்போது ஐம்பது பேரும் குனிந்த தலை நிமிராமல் பால் வெட்டிக்கொண்டிருப்பார்கள். பதினோரு வருஷம் அந்தத் தோட்டத்தை ஆண்ட துரை ஒரு சோம்பேறியைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. தன் நிர்வாகத் திறமை அது என்று நம்பிக்கொண்டே கப்பலேறிப் போனார்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பிறந்தவர்கள் பத்துமலையும் வீரம்மாவும். பத்துமலை ஏழு வயதில் படிப்பதற்காக ஈப்போவுக்கு வந்தார், சத்தத்தை மறந்தார். வீரம்மா கல்யாணம் வரைக்கும் அங்கேயே பால்மரம் வெட்டினாள். புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டை வெளிச்சத்தில் பிடித்துத் தரம் பிரித்தாள். அவள் எதையும் மறக்கிற ஜாதி இல்லை. இந்த இருவரும் கணவன் மனைவி ஆனதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

கதை நடந்தது எழுபத்தெட்டாம் வருஷக் கடைசியில். பத்துமலைக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஈயம் தோண்டும் லம்பக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஈப்போ புந்தோங்கில் வரிசை வீடு. வாசலில் ஒரு கிழட்டு மோரிஸ் மைனர். உடம்பில் இனிப்புநீர் வியாதி.

இந்த நான்கில் வியாதியைத் தவிர மற்ற மூன்றையும் அவர் பெருமையோடு சொல்லிக்கொள்வார்.

சித்தியவானில் இருந்த அவருடைய அண்ணனுக்கும் அதே வியாதிதான். ஒரு சின்ன ஆணிப் புண். பிறகு ஒரு விரல். பிறகு இடது கால் முழங்காலுக்குக் கீழே. மாதம் ஒருமுறை பார்க்கப் போவார்கள். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். காலில்லாத பக்கம் கைலியின் மடிப்பு மின்விசிறிக் காற்றில் ஆடும். வீரம்மா அதைப் பார்ப்பாள். பத்துமலை பார்க்கமாட்டார். கூரையைப் பார்த்து மழை வருமா என்று கேட்பார்.

அண்ணனின் கால் போன நாளிலிருந்து வீரம்மா வீட்டில் சீனி டின்னைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். காப்பி கறுப்பு. சோறு கைப்பிடி. டாக்டர் நடக்கச் சொன்னார் என்று தினமும் நினைவூட்டினாள். பத்துமலை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மாலையில் வேலை முடிந்து வரும்போது பெட்ரோல் கடைக்குப் பக்கத்துச் சாகா மரத்தடியில் காரை நிறுத்தி, தேங்காய்ப்பாலும் பனஞ்சர்க்கரைப் பாகும் மிதக்க இரண்டு கிண்ணம் செண்டோல் குடித்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பசிக்கவில்லை என்பார். வீரம்மாவுக்குச் சந்தேகம் உண்டு. கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வழியில்லை.

நவம்பர் மழையில் ஒருநாள் சித்தியவானுக்குப் போகும் வழியில், போத்தா பாலம் தாண்டியதும், மோரிஸ் மைனர் வழுக்கியது. கொஞ்சமாக இல்லை. முழு வட்டம் போட எண்ணி, பாதியில் மனம் மாறி, பின்புறத்தை லாலாங் புல்லுக்குள் நுழைத்து, வந்த திசையைப் பார்த்து நின்றது. வீரம்மாவின் மடியில் இருந்த மீன்குழம்புத் தூக்கு அசையவில்லை. அவள் அதை அப்படிப் பிடித்திருந்தாள்.

"வீட்டுக்குப் போலாம்னு காரே சொல்லுது" என்றாள்.

பத்துமலை இறங்கி மழையில் நின்று டயர்களைப் பார்த்தார். நான்கும் அவருடைய தலையைப் போலவே வழவழவென்று இருந்தன. அங்கேயே, நனைந்த சட்டையோடு, சபதம் செய்தார். இனி இந்த வண்டி எந்த மழையிலும் வழுக்காது. ஈப்போவிலேயே சிறந்த டயர் எதுவோ அதைத்தான் பூட்டுவேன். அவசரப்படமாட்டேன். படித்து, ஆராய்ந்து, அளந்து வாங்குவேன்.

அடுத்த இரண்டு வாரம் அவர் மனிதரோடு பேசவில்லை. டயரைப் பற்றித்தான் பேசினார். நூலகத்தில் ஆங்கில மோட்டார் பத்திரிகைகளைப் படித்து நோட்டில் குறிப்பெடுத்தார். பள்ளம் எவ்வளவு ஆழம் இருந்தால் தண்ணீரைப் பிளக்கும், பக்கவாட்டு வெட்டு எதற்கு, காற்று எத்தனை பவுண்டு. பக்கத்து வீட்டு லோரி டிரைவர் மாயாண்டியை நிற்க வைத்துப் பாடம் நடத்தினார். இருபது வருஷமாக மழையில் லோரி ஓட்டும் மாயாண்டி, கொட்டாவியை விழுங்கிக்கொண்டு, சரி மச்சான், சரி மச்சான் என்றார்.

டயர் கடை முதலாளியான தவுக்கே பொறுமைசாலியான சீனர். முதலில் பழைய டயருக்குப் புதுத் தோல் ஒட்டியதைக் காட்டினார். பத்துமலை மூக்கைச் சுளித்தார். பிறகு புது மழை டயரைக் காட்டினார். பத்துமலை பத்துக் காசு நாணயத்தைப் பள்ளத்தில் செருகி ஆழம் பார்த்தார். நோட்டைப் புரட்டினார். திருப்தியாகத் தலையசைத்தார். அதை எடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

வீரம்மா தன் பாட்டுக்குக் கடையின் பின்பக்கம் போயிருந்தாள். அங்கே சாக்கு மூடிய நான்கு டயர்கள் கிடந்தன. சாக்கை விலக்கினாள். கட்டை கட்டையாகப் பல். கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். ரப்பர் மெத்தென்று உள்வாங்கியது. முகர்ந்து பார்த்தாள். பிறகு உள்ளங்கையை அந்தப் பற்களின் மேல் மெல்ல ஓட்டினாள், ரொம்ப நாள் காணாத ஒருவரின் முகத்தைத் தடவுவது போல.

இது என்ன என்று கேட்டாள்.

"சல்ஜி டயர் லா, அக்கா" என்று தவுக்கே சிரித்தார். பனி டயர். ஈயம் தோண்டும் மிதவைக் கப்பலில் வேலை பார்த்த சுவீடன் தேசத்து இன்ஜினியர் ஊரிலிருந்து காரோடு கொண்டுவந்தது. கொட்டும் பனியில் ஓட்டுவதற்காம். இங்கே பனியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, விற்றுவிட்டுப் போய்விட்டார். அளவு மோரிஸுக்குச் சரியாக இருக்கும். மழையில் நன்றாகப் பிடிக்கும். வெயிலில்தான் சோப்புப்போலத் தேய்ந்துவிடும்.

பத்துமலை எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் நமக்கு வேணாங்க" என்றாள் வீரம்மா. "வெள்ளக்காரன் ஊருக்குச் செஞ்சது. புந்தோங்குல பனியா கொட்டுது? அந்த மழை டயரையே எடுங்க. அதான் நமக்குச் சரி."

இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் வீரம்மா சரி என்று சொன்ன எதையும் பத்துமலை வாங்கியதில்லை. நோட்டை மூடினார்.

"வீரம்மா, கொஞ்சம் யோசி. பனியிலயே வழுக்காதது மழையில எப்படி வழுக்கும்?"

"ஊரு சிரிக்குங்க."

"சிரிக்கட்டும் லா. தவுக்கே, நாலையும் பூட்டுங்க."

வீரம்மா திரும்பிக்கொண்டு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அழுகிறாள், பழகிவிடும் என்று பத்துமலை நினைத்தார்.

டயர் பாடியது. சில்லிபின் சாலையில் ஏறியதுமே ஙோ என்று ஆரம்பித்து, வேகம் கூடக் கூடச் சுருதி கூட்டியது. ஆகாயக் கப்பல் மாதிரி இருக்கிறது பார், வண்டிக்கே ஒரு கம்பீரம் வந்துவிட்டது என்று பத்துமலை சொன்னார்.  அடுத்த ஞாயிறு கொட்டுகிற மழையில் போத்தா பாலத்தைத் தாண்டினார்கள். வண்டி ஒரு அங்குலம்கூட வழுக்கவில்லை. பத்துமலை அலுவலகத்தில் ஒரு வாரம் அதைப் பற்றிச் சொற்பொழிவு செய்தார். சிறந்த டயர் என்றால் பனி டயர்; அதைக் கண்டுபிடித்தவன் நான்; பெண்சாதி வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

கஷ்டம் திங்கட்கிழமை தொடங்கியது. வழக்கம்போல இரண்டு கிண்ணத்தை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் வீரம்மா ஒரு டம்ளரோடு நின்றாள். பச்சையாக அரைத்த பாகற்காய்ச் சாறு.

"குடிங்க."

"இன்னைக்கு எதுக்கு?"

"இன்னைக்குத் தேவை."

செவ்வாய் ஒரு மீட்டிங், தாமதம். செண்டோல் குடிக்காமல் நேரே வந்தார். கறுப்புக் காப்பியும் இரண்டு கிரீம் கிராக்கர் பிஸ்கட்டும் காத்திருந்தன. புதன் நிறுத்தினார், பாகற்காய். வியாழன் ஒரு கிண்ணத்தோடு எழுந்தார்; பாகற்காய் அரை டம்ளர்.  கிண்ணத்தைக்கூட எண்ணுகிறாளா? கிராம்பு மென்றார். மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். பலன் இல்லை. மாயாண்டிதான் போட்டுக்கொடுக்கிறார் என்று முடிவு செய்து சண்டைக்குப் போனார். மாயாண்டி அந்த வாரம் முழுக்க லூமுட்டில் மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"நான் ஊர்லயே இல்ல மச்சான். தங்கச்சிக்கு ஏதாவது சாமி வந்து சொல்லுதோ என்னமோ."

கடையை மாற்றினார். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு செண்டோல்காரர் இருந்தார். சுற்றுவழி. யாருக்கும் தெரியாது. வீட்டுப் படியில் கால் வைத்தவுடன் டம்ளர் வந்தது.

"ரயில் கேட்டுப் பக்கம் தேங்காய்ப்பால் கெட்டியா இருந்துச்சா?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

பத்துமலை டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவருக்குக் காய்ச்சல். மாயாண்டி தன் மாமியாரைப் பேருந்து நிலையத்திலிருந்து அழைத்துவர மோரிஸை இரவல் வாங்கிக்கொண்டு போனார். பத்துமலை கூடத்துச் சாய்வு நாற்காலியில் போர்த்திக்கொண்டு கிடந்தார். வீரம்மா வாசற்படியில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். தெரு சும்மா இருந்தது.

தூரத்தில், ஙோ.

முதலில் காய்ச்சலில் காது அடைக்கிறது என்று நினைத்தார். வளர்ந்தது. வண்டு தகர டப்பாவில் சுற்றியது.

"மாயாண்டி அண்ணே பெரிய ரோட்டுல திரும்பிட்டாரு" என்றாள் வீரம்மா, தலை நிமிராமல்.

சத்தம் நெருங்கியது. சட்டென்று நின்றது.

"சாகா மரத்தடி. மாமியாருக்குச் செண்டோல் வாங்கிக் கொடுக்கிறாரு." இன்னும் நாலைந்து நெத்திலி கிள்ளினாள். "ஆளுக்கு ஒரு கிண்ணம்தான். ரெண்டாவதுன்னா இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். ரயில் கேட்டுன்னா சத்தம் அந்தப் பக்கமிருந்து வரும்."

ஙோ மறுபடி கிளம்பியது.

பத்துமலை போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் தாண்டி ஒரு தார்ச்சாலை அவருக்குத் தெரிந்தது. மேட்டிலிருந்து இறங்கும் கார் தெரிந்தது. வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும் அவருடைய அப்பா தெரிந்தார். அந்தக் காரில், நேராக நிமிர்ந்து, ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்த துரைக்குத் தன் முகமே இருந்தது.

"இது கடையிலேயே உனக்குத் தெரியுமா?"

"நான் வேணாம்னுதானே சொன்னேன்" என்றாள் வீரம்மா.

டயரை மாற்றவும் முடியாது. சிறந்த டயர் என்று ஈப்போ முழுக்கச் சொல்லியாகிவிட்டது. ஆனால் பத்துமலை செண்டோலை விடுகிறவர் அல்ல. இரண்டு நாள் யோசித்தார். டயர் பாடும். செருப்பு பாடுமா?

காரை வாசலில் நிறுத்திவிட்டு, டாக்டர் நடக்கச் சொன்னாரே என்று மனைவியிடம் நல்ல பிள்ளையாகச் சொன்னார்.  வீரம்மா உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து கொடுத்தாள். ரயில் கேட்டுக்குப் போக ஒன்றேகால் மைல், வர ஒன்றேகால் மைல். தினமும் நடந்தார். வெயிலில் நடந்தார், தூறலில் நடந்தார். வழியில் சிரித்துக்கொண்டே நடந்தார். பாகற்காய் வரவில்லை. கடைசியில் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

மே மாதம் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த டாக்டர் காகிதத்தை இரண்டு முறை படித்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருக்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"தினம் ரெண்டரை மைல் நடக்கிறாரு டாக்டர்" என்றாள் வீரம்மா.

திரும்பும்போது பனி டயர் பாடிக்கொண்டே வந்தது. பத்துமலை சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"எங்க நடக்கிறேன்னு தெரியுமா உனக்கு?"

"குடைக் காம்புல எறும்பு மொய்க்குதுங்க."

"அப்புறம் ஏன் சும்மா இருந்தே?"

"நாலு வருஷமா நடங்க நடங்கன்னு கெஞ்சுனேன். செண்டோல் ஒரே வாரத்துல நடக்க வச்சிருச்சு. அதை ஏன் கெடுக்கணும்?" தூக்குப் பையை மடியில் சரிசெய்துகொண்டாள். "ஆனா ரயில் கேட்டு செண்டோல்காரருகிட்டச் சொல்லி வச்சேன். ரெண்டு மாசமா நீங்க குடிக்கிறதுல பாகு அரைக் கரண்டிதான். தெரியலையா?"

தெரியவில்லை. நன்றாக இருந்தது என்றுகூடக் கடைக்காரரைப் பாராட்டியிருந்தார்.

ஈப்போ வெயிலில் அந்த டயர்கள் இரண்டு வருஷத்தில் தேய்ந்து மௌனமாயின. அதற்குள் பத்துமலைக்கு நடை பழகிப்போயிருந்தது. அண்ணன் எண்பத்தொன்றாம் வருஷம் சித்தியவானில் இறந்தார்.

பத்துமலை இரண்டாயிரத்துப் பதினொன்றில், எழுபத்தொன்பதாவது வயதில், தூக்கத்தில் போனார். வழக்கப்படி கால் கட்டைவிரல்கள் இரண்டையும் வீரம்மாதான் சேர்த்துக் கட்டினாள். பத்து விரலும் இருந்தன.