சரள் வேண்டாம், ஹெலிகாப்டர் அனுப்பு

சிரஞ்சீவி சங்கரபாண்டிக்கு, அத்தை ஆறுமுகத்தாய் ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் பசுவும் நலம். முழங்கால் நலமில்லை, ஆனால் இந்தக் கடிதம் அதைப் பற்றியதல்ல. சென்னையில் நீயும் பொன்மணியும் பிள்ளைகளும் நலமென நம்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். கழுகுமலைக் கல்யாணப் பந்தியில், "அத்தைக்கு ஹெலிகாப்டர்ல பறக்க ஆசை வந்துட்டு" என்று நீ சொன்னதாக அறிந்தேன். தவறு. நான் ஹெலிகாப்டர் கேட்டது எனக்கு அல்ல, நீ மேனேஜராக இருக்கும் காற்றாலைக் கம்பெனியின் கிரேனுக்கு. பறந்துபோய்ப் பார்க்க வேண்டிய ஊர் எனக்கு எதுவும் இல்லை.

நடந்தது இது. ஐப்பசி மழைக்கு மறுநாள், கரிசலில் கோழிகூடக் கால் வைக்க யோசிக்கும் நேரத்தில், உங்கள் சூப்பர்வைசர் சண்முகராஜ் வண்டிப்பாதை சுற்று என்று நினைத்து, அறுபது டன் எடையுள்ள கிரேனை என் உளுந்துக் காட்டுக்குள் விட்டார். பாதிக் காட்டில் அது சக்கரம் மறைய உட்கார்ந்தது. அதை இழுக்க வந்த டிராக்டரும் பக்கத்திலேயே உட்கார்ந்தது. டிராக்டரை இழுக்க வந்த ஜேசிபி புத்தியுள்ளது, ரோட்டிலேயே நின்றுகொண்டது. ஊர் கூடி டிராக்டரைத் தள்ளி வெளியே எடுத்த பிறகு சண்முகராஜ் ஒரு தாளோடு வந்தார்.

"பெரியம்மா, ஒரு கையெழுத்துப் போடுங்க. காட்டுக்குக் குறுக்க சரளைக் கொட்டி ரோடு போட்டு, கிரேனை எடுத்துருதோம்."

"கொட்டுன சரளை யாருய்யா பொறுக்குவா?"

"அது மண்ணோட மண்ணாப் போயிரும்லா!"

கரிசலில் விழுந்த கல் மண்ணோடு போகாது, கலப்பையோடுதான் போகும். உன் மாமா அந்தக் காட்டில் கல் பொறுக்கியே வளர்ந்தவர். நான் கழுத்தை நீட்டியபோதே அவருக்கு முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. எனக்கு இருப்பதும் அந்த ஒரு காடுதான். கையெழுத்துப் போடவில்லை.

மறுப்பவர் மாற்றுவழி சொல்ல வேண்டும் என்று கான்வென்டில் சிஸ்டர்கள் பிரம்பால் கற்பித்திருக்கிறார்கள். ஆகவே படித்தேன். பாரம் தூக்குவதற்கென்றே பறக்கும் கிரேன்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் முதலில் நாற்பது மீட்டர் அகல விசிறியோடு ஒன்றைச் செய்து, அது எண்ணெய் குடித்த குடியில் கைவிட்டார்கள். பிறகு, ரஷ்யாவிலிருந்து அங்கே குடியேறிய ஒருவரின் கம்பெனி, அறுபதுகளில் வயிறே இல்லாத ஒன்றைச் செய்தது. முன்னால் தலை, பின்னால் வால், நடுவில் வெறும் முதுகெலும்பு. பார்க்கக் குளவி போல இருக்கிறது. தொங்கும் பாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதற்காகப் பின்பக்கம் திரும்பிய இருக்கை ஒன்றும் உண்டு. நல்ல ஏற்பாடு. அது மலைமேல் மின்கோபுரம் நட்டிருக்கிறது, காட்டில் பாதை வெட்டாமல் மரம் தூக்கியிருக்கிறது. பாதை வெட்டாமல் என்பதைச் சண்முகராஜுக்கு அடிக்கோடிட்டுக் காட்டு.

இதெல்லாம் வெளியே தெரிந்தது என் தவறல்ல. எதிர்வீட்டுச் சுடலைச்செல்வியிடம், தீயணைக்கும்போது அது தும்பிக்கை போன்ற குழாயால் ஒரே மூச்சில் பத்தாயிரம் லிட்டர் உறிஞ்சும் என்று சொன்னேன். பொழுது சாய்வதற்குள் ஆடு மேய்க்கும் கொம்பையா தலைமையில் ஒரு கூட்டம் வாசலுக்கு வந்துவிட்டது.

"அம்மா, இந்த வருசந்தான் கம்மாயில தண்ணி கெடக்கு. அதையும் ஒங்க ஹெலிகாப்டர் குடிச்சிட்டுப் போனா ஆடு என்னத்தக் குடிக்கும்?"

"இங்கன தீப்பிடிக்கலையே கொம்பையா. அது எதுக்குக் குடிக்கப் போகுது?"

"அம்புட்டுத் தூரம் வாரதுக்குத் தாகம் எடுக்காதா?"

சுடலைச்செல்வி பங்குக்கு, "பெரியம்மா, திரும்பிப் போகையில எங்க மொட்டமாடியில இறங்கிட்டுப் போங்க, வத்தல் காயுது, ஓரமா இறங்குங்க" என்றாள். சிரித்தவர்களில் உங்கள் சூப்பர்வைசரும் ஒருவர்.

ஹெலிகாப்டர் அனுப்பச் சொன்னதற்கு நீ போனில், "அத்தே, அது ஒம்பது டன்னுதான் தூக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டாய். கணக்கு சரி, வைத்த விதம் சரியில்லை. ரஷ்யாக்காரர்கள் செய்தது இருபது டன் தூக்கும். கிரேனை மூன்றாகக் கழற்றினால் முடிந்தது. எப்படியானாலும் என் காட்டில் ஒரு கூடைச் சரள்கூட விழக் கூடாது.

பொன்மணிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசி. குறையொன்றும் இல்லாமல் இருங்கள்.

அத்தை,
ஆறுமுகத்தாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கிரேன் டிரைவர் மாரிச்சாமி மோர் குடிக்க வந்தார். "மாசி வெயிலுக்குக் கரிசல் இறுகிரும் பெரியம்மா. உளுந்து எடுத்தப்புறம் நானே ஓட்டிட்டுப் போயிருதேன். எதுக்கு ஹெலிகாப்டர்?" என்றார். இது எனக்கு முதல் நாளே தெரியும். கம்பெனி அதுவரை பொறுத்தால் போதும். பொறுக்க முடியாதென்றால், மேலே சொன்ன ரஷ்ய ஹெலிகாப்டர் வேண்டாம். அதில் அந்தப் பின்பக்க இருக்கை இல்லை. அமெரிக்காக்காரர்களுடையதையே அனுப்பு. கிரேனை ஏழாகக் கழற்றிக்கொள்ளலாம். என் எடை நாற்பத்தாறு கிலோ. அந்த இருக்கை காலியாக இருக்குமா என்று எழுத்தில் பதில் போடு. போனில் வேண்டாம்.