ராஜாளிக்குப் போட்ட கூரை

ஒரு காட்டில் என்றுதான் ஆரம்பித்திருப்பேன். ஆனால் இது நடந்த காட்டைச் சுற்றி நாலு பக்கமும் கடல். அங்கே இருந்தவர்களிடம் போய் காடு என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். நாடு என்று சொல்ல வேண்டும். கொடி இருந்தது, தேசிய கீதம் இருந்தது, தலைவராக ஒரு ஆமை இருந்தார். சரி, நாடு என்றே வைத்துக்கொள்வோம், நமக்கென்ன போச்சு?

அந்த நாட்டுக்கு ஒரே ஒரு எதிரி. அக்கரையிலிருந்து வரும் பருந்து. வெயில் ஏறியதும் வரும், மேலே வட்டம் போடும், கோழிக்குஞ்சு ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும். பேச்சி என்ற செவலைக்கோழிக்கு அந்தப் பங்குனியில் பொரித்த குஞ்சுகளில் நாலுதான் மிச்சம். அவள் நேராகத் தலைவரிடம் போய் நின்றாள்.

"ஐயா, எம்புள்ளைங்கள ஒண்ணொண்ணா தூக்கிட்டுப் போறான். நீங்க என்னதான் பண்றீங்க?"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "கவலைப்படாதம்மா. நாட்டுக்கு ஒரு போர்ப்பறவை வாங்கப் போறோம். தளபதிகிட்ட சொல்லியாச்சு."

தளபதி யார் என்றால், வான்கோழி. பெயரிலேயே வான் இருக்கிறதே என்று அவரை வான்படைக்குப் போட்டிருந்தார்கள். அவர் ஆயுளில் பறந்த அதிகபட்ச உயரம் ஒரு வேலிப்படல்.

விற்க வந்தது ஒரு காக்கை. முதலில் ஓர் ஆந்தையைக் கொண்டுவந்து நிறுத்தியது. "சார், கும்மிருட்டுலயும் கண்ணு தெரியும். கழுத்து பின்னாடி வரைக்கும் திரும்பும்."

தளபதிக்கு வாயெல்லாம் பல். வான்கோழிக்குப் பல் ஏது என்று கேட்காதீர்கள், அவ்வளவு சந்தோஷம்.

"பருந்து பட்டப்பகல்லதானேய்யா வருது?" என்றாள் பேச்சி.

"இதெல்லாம் தொழில்நுட்பம்மா, நீ குறுக்க பேசாத," என்றார் தளபதி. நல்லவேளையாக, ஆந்தை நேர்காணலின் நடுவிலேயே குறட்டை விட்டுத் தூங்கிவிட்டது. அதனால் அது வேண்டாம் என்று ஆயிற்று.

அடுத்து கரிச்சான் குருவி வந்தது. கையளவுதான் இருக்கும், ஆனால் பருந்தைக் கண்டால் துரத்தித் துரத்தித் தலையிலேயே கொத்தும். அதைப் பார்த்ததும் காக்கையே மேசைக்கு அடியில் போய்விட்டது.

"எந்த நாட்டுத் தயாரிப்பு?" என்று கேட்டார் தளபதி.

"இதே ஊருதாங்க. அதோ, அந்தப் பனைமரம்," என்றது குருவி.

"உள்ளூரா?" என்று முகத்தைச் சுளித்தார். "சொல்லி அனுப்புறோம்."

இந்த இடத்தில் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரியும். கடைசியில் குருவிதான் வந்து எல்லாரையும் காப்பாற்றப் போகிறது என்று. அந்த ஆசையெல்லாம் வேண்டாம். அது அன்றைக்கே ரோஷப்பட்டுக்கொண்டு மாமியார் ஊருக்குப் போய்விட்டது, திரும்பவே இல்லை.

கடைசியாக வந்தது ராஜாளி. அம்பு மாதிரி போகும். சுற்றிக் காட்டு என்றார்கள். ஒரு சுற்றுத் திரும்புவதற்குள் தீவு முடிந்து, பக்கத்துத் தீவின் மேலே போய்த் திரும்பி வந்தது. "இந்த ஊருக்கு இவ்ளோ வேகம் எதுக்கு?" என்று பேச்சி முணுமுணுத்தாள். காக்கையோ தளபதியின் காதோரம் போய், "பக்கத்துத் தீவுல போன மாசமே ஒண்ணு எடுத்துட்டாங்க சார்," என்றது.

அவ்வளவுதான். தீவின் தவிடு, குருணை எல்லாவற்றையும் அடகு வைத்து வாங்கிவிட்டார்கள்.

ராஜாளி வந்து இறங்கிய அன்று பூசணிக்காய் உடைத்தார்கள். காலடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கச் சொன்னார்கள். நெற்றியில் சந்தனம் பூசியதில் அதற்குத் தும்மல் வந்தது. அலகிலும் நகங்களிலும் பிளாஸ்டிக் கவர் மாட்டி அனுப்பியிருந்தார்கள். ராஜாளி அதைக் கழற்றப் பார்க்க, தளபதி பதறிப்போனார்.

"ஏய் ஏய், கவரைப் பிரிக்காதே! புதுசு, அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் பருந்து வந்தது. "ஐயா, விடுங்கய்யா உங்க ராஜாளிய!" என்று பேச்சி தொண்டை கிழியக் கத்தினாள்.

"இந்த வெயில்லயா? நிறம் வெளுத்துடாது?" என்றார் தளபதி.

"நான் போறேனுங்க, அதுக்குத்தானே வந்தேன்," என்றது ராஜாளி பாவமாக.

"நீ சும்மா இரு. உன் மேல ஒரு கீறல் விழுந்தா யாரு பதில் சொல்றது? அதோட இன்னிக்கு அஷ்டமி வேற."

பருந்து பேச்சியின் குஞ்சு ஒன்றைக் கொத்திக்கொண்டு போயிற்று. பேச்சி மண்ணில் விழுந்து அழுதாள். அவளுக்கு இப்போது மூன்றுதான். அதே நேரத்தில் போகிற போக்கில் பருந்து போட்ட எச்சம் ராஜாளியின் முதுகில் விழுந்தது. அதைப் பார்த்து நாடே கொதித்துப்போனது.

அவசரக் கூட்டம் போட்டார்கள். சாயங்காலத்துக்குள் தீவில் இருந்த தென்னங்கீற்றெல்லாம் வந்து இறங்கியது. ராஜாளிக்குக் கெட்டியாக ஒரு கூரை. சுற்றிலும் மீன்வலை. "பருந்து இதையே தூக்கிட்டுப் போயிட்டா என்ன பண்றது?" என்று தளபதிக்குச் சந்தேகம் வந்தது. ஆகவே கோழிகள் எல்லாம் உள்ளே போய்க் காவல் இருக்க வேண்டும் என்று உத்தரவு.

காவலுக்குப் போகிறவள் பிள்ளைகளை எங்கே விடுவாள்? பேச்சி குஞ்சுகளையும் கூட்டிக்கொண்டு போனாள். மற்றக் கோழிகளும் அப்படியே. முதலில் ராஜாளியைப் பார்த்து எல்லாருக்கும் குலை நடுங்கியது. அலகில் கவர், நகத்தில் கவர், சாப்பாடு கரண்டியில் ஊட்டுகிற கஞ்சி. அது யாரை என்ன செய்யும்? கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் அதன் முதுகில் ஏறிச் சறுக்கி விளையாடின. பாவம், அதற்கும் வேறு வேலை இல்லை.

பருந்து வந்தது. கீழே பார்த்தால் கூரைதான் தெரிந்தது. பாய்ந்து பார்த்தது, வலையில் கால் மாட்டி, இறகு பிய்ந்து, திட்டிக்கொண்டே போயிற்று. ஒரு வாரம் இப்படியே முயன்றுவிட்டு, வேறு தீவைப் பார்த்துக் கிளம்பிவிட்டது.

தளபதிக்குப் பதக்கம் கொடுத்தார்கள். விழாவில் பேச்சி எழுந்தாள். "ஐயா, ராஜாளி ஒரு நாளும் பறக்கலையே. கூரைதானே எங்க புள்ளைங்கள காப்பாத்துச்சு? இன்னும் நிறைய அடை வச்சிருக்கோம், அதுக்குள்ள இடம் பத்தாது. பக்கத்துல இன்னொரு கூரை போட்டுக் குடுங்க."

ஆமை சிரித்தார். "கோழிக்குஞ்சுக்கெல்லாம் கூரை போடவாம்மா நாட்டுல கீத்து இருக்கு? ராணுவத்துக்கே பத்தலை."

பேச்சிக்குச் சுருக்கென்றது. கண்ணில் நீர் முட்டியது. உட்காரப் போனவள், என்ன நினைத்தாளோ, அலகைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"சரிங்கய்யா. ஆனா பக்கத்துத் தீவுல இப்ப கழுகு வாங்கப் போறாங்களாமே? ராஜாளியவிட மூணு மடங்கு பெருசாம். நம்ம நாட்டுக்கு மட்டும் அது வேண்டாமா?"

ஆமையின் தலை முழுசாக வெளியே வந்தது. தளபதி காக்கையைக் கூப்பிட ஓடினார். "கழுகு வாழ்க!" என்று கோழிகள் எல்லாம் கைதட்டிய சத்தம் அக்கரை வரைக்கும் கேட்டதாம்.

நீதி: குஞ்சுக்குக் கூரை கேட்காதீர்கள், கிடைக்காது. கழுகு கேளுங்கள், கூரை தானாக வரும்.