தூத்தாலேர்

ரோஜா நிற மாத்திரை ஸ்மரான்டாவின் உள்ளங்கை வியர்வையில் கரையத் தொடங்கியிருந்தது. எதிரே, பன்னிரண்டாம் எண் அறையில், முசியே மரின் மடியில் கம்பளியைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமை நர்ஸ் சில்வெத் மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது படபடவென்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "காலையில அவர் பொண்ணு வெளிய கூட்டிட்டுப் போயிருந்தா. அவ பையிலயும் இதே இதய மாத்திரை இருக்கும். குடுத்தாளான்னு அவர்கிட்டயே கேளு. குடுக்கலன்னா மட்டும் இதைக் குடு. ரெண்டு போச்சுன்னா ஆபத்து. நீ கேட்டா சொல்லுவார்."

ருமேனியாவிலிருந்து பிரான்சின் கிளெர்மோன் நகருக்கு வந்து இரண்டே மாதம். இந்த முதியோர் இல்லத்தில் சேர்ந்து எட்டு நாள். நாளையோடு சோதனைக் காலம் முடிகிறது. நேற்று, இன்று, நாளை, எப்போதும், ஒருபோதும் என்று காலத்தைச் சொல்லும் பிரெஞ்சுச் சொற்களைத்தான் ஸ்மரான்டா ஒரு வாரமாகப் பேருந்திலும் குளியலறையிலும் மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"முசியே, மாத்திரை... நீங்க... சாப்பிட்டு?"

அவர் திரும்பி, அழகாகச் சிரித்தார். "தூத்தாலேர்."

நோட்டைப் புரட்டினாள். 'தூத்தாலேர்: இன்னும் கொஞ்ச நேரத்தில்.' அப்பாடா. இனிமேல்தான் சாப்பிடப் போகிறார்.

கால் மணி நேரம் கழித்துக் கேட்டாள். "தூத்தாலேர்." அரை மணி நேரம் கழித்தும் அதே சிரிப்பு, அதே சொல். இதய மாத்திரையை இப்படியா தள்ளிப்போடுவது? ஆப்பிள் மசியலில் வைத்து ஊட்டினாள். மறுப்பே இல்லை, கரண்டியையும் நக்கிக் கொடுத்தார்.

நிம்மதியாக நோட்டை மூடப் போனவளின் கண்ணில் அடுத்த பக்கம் பட்டது. அவள் கையெழுத்துதான். 'தூத்தாலேர்: கொஞ்ச நேரத்துக்கு முன்னால்.'

சமையலறைக்கு ஓடினாள். சமையற்காரர் கயேதான் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"தூத்தாலேர்னா முன்னாடியா, பின்னாடியா?"

"ரெண்டுக்கும் அதேதான். கூட வர்ற வினைச்சொல்லைப் பாத்துத் தெரிஞ்சுக்கணும்."

"அவர் வினைச்சொல்லே சொல்லல!"

"அப்ப கடவுளுக்குத்தான் தெரியும். ஏன், என்ன ஆச்சு?"

சொன்னாள். கயேதானின் கத்தி நின்றது. "இதய மாத்திரை ரெண்டா? அவரை வாந்தி எடுக்க வை. ஐயோ, வேணாம் வேணாம், அவசர நம்பருக்குப் போன் பண்ணு!"

போகிற வழியில் கடைசியாக ஒருமுறை மரினின் முன்னால் மண்டியிட்டாள். "நேத்தா? இன்னிக்கா? ஏற்கெனவேயா? இன்னும் இல்லியா?" தெரிந்த சொல்லையெல்லாம் கொட்டினாள். அவர் பாட்டுக் கேட்பதுபோல் தலையாட்டிக் கேட்டுவிட்டு, அவள் கன்னத்தைத் தட்டி, "தூத்தாலேர்" என்றார்.

தொலைபேசியில் ஒரு பெண் குரல். "மூச்சு விடறாரா?"

"ஆமா" என்று மட்டும் சொல்லியிருக்கலாம். நன்றாகவே மூச்சு விடுகிறார் என்று அழுத்திச் சொல்ல ஆசைப்பட்டாள். 'அதிகம்' என்பதற்கு ஒரு சொல் படித்திருந்தாள், 'ப்ளு'. அதைக் கடைசியில் சேர்த்தாள். அதே 'ப்ளு', அந்த இடத்தில் வந்தால் 'இனி இல்லை' என்றாகும் என்பது அடுத்த வாரப் பாடம்.

"மூச்சு நின்னுடுச்சா? இதோ வர்றாங்க!"

அந்த ஊரில் மருத்துவ அவசரத்துக்கும் தீயணைப்புப் படைதான் வரும். ஏழே நிமிடத்தில் அவர்களுடைய சிவப்பு வண்டி வாசலில் அலறி நின்றது. தீயணைப்பு வீரர்கள் நான்கு பேர் படியேறி ஓடிவந்து, மூச்சு நின்றவர் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்துத் திகைத்தார்கள்.

"தாத்தா, நெஞ்சு வலிக்குதா?"

"தூத்தாலேர்."

"கொஞ்சம் முன்னாடி வலிச்சிருக்கு, எழுதிக்கோ" என்றார் தலைவர்.

"இல்ல சார், இனிமே வலிக்கும்கிறார்" என்றான் இளையவன்.

இரண்டுமே மோசம். மரினைத் தூக்குப்படுக்கையில் கிடத்தி வார்போட்டு இறுக்கினார்கள். நடைவண்டி தள்ளிக்கொண்டு மற்ற முதியவர்கள் வராந்தாவில் கூடினார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வேலை போகட்டும், ஒரு மனுஷன் உயிர்! ஸ்மரான்டா பின்னாலேயே வாசல்வரை ஓடினாள்.

அங்கே சில்வெத்தின் கார் வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொரு காரில் அப்பாவைப் பார்க்க வந்த மரினின் மகள், சிவப்பு வண்டியைக் கண்டு பதறி இறங்கினாள்.

"காலையில அப்பாவுக்கு மாத்திரை குடுத்தீங்களா?" என்று சில்வெத் கத்தினாள்.

"குடுக்கலையே! பையை வீட்டுலயே வச்சிட்டுப் போயிட்டேன்."

ஸ்மரான்டா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே மாத்திரைதான். தலைவர் இரத்த அழுத்தம் பார்த்து, "என்னோடதை விட நல்லா இருக்கு" என்று வாரை அவிழ்த்தார்.

சில்வெத் இடுப்பில் கைவைத்து ஸ்மரான்டாவைப் பார்த்தாள். "அவர்கிட்டயே கேளுன்னுதானே சொன்னேன்?"

"கேட்டேன், மதாம். பத்து தடவை கேட்டேன். பிரெஞ்சுல எனக்குத் தெரிஞ்ச எல்லா வார்த்தையிலயும் கேட்டேன்."

மகள் அப்பாவின் கம்பளியைச் சரிசெய்தபடி நிமிர்ந்து சில்வெத்தைப் பார்த்தாள்.

"பிரெஞ்சுலயா? பாவம், அப்பாவுக்கு அந்த ஒரு வார்த்தையை விட்டா பிரெஞ்சே தெரியாதுங்க, போன மாசம்தான் ருமேனியாவுலேர்ந்து வந்தார். அவர் பாஷையில பேசுறதுக்குன்னே ஒரு பொண்ணை வேலைக்கு வச்சிருக்கோம்னு சொன்னீங்களே, அவங்க இன்னிக்கு லீவா?"