முகாமுக்குக் கட்டிய பை

ஒரு பையைத் திறந்து பார்த்தால், அதைக் கட்டியவருக்கு எதைக் கண்டு பயம் என்று சொல்லிவிடலாம். நான் கட்டிய பையை முன்பின் தெரியாத ஒருவர் அப்படித் திறந்து பார்த்தார். அதனால் வந்ததுதான் இத்தனையும்.

விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிருபர்கள் அனுப்புவதில் வேண்டாததை வெட்டுவது என் வேலை. பத்து வரியை நான்கு வரியாக்குவதில் எனக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் (நிருபர்கள் வைத்திருக்கும் பெயர் வேறு). அந்தத் தைரியத்தில்தான், மகள் மதிவதனி முதல்முறையாகக் கோடை முகாமுக்குப் போவது முடிவானதும், பை கட்டும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

முகாம் திண்டிவனத்தைத் தாண்டி, பெருமுக்கல் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு தோப்பில். பகலில் பறவை பார்ப்பார்கள், இருட்டியதும் நட்சத்திரம் பார்ப்பார்கள், அங்கேயே ஐந்து நாள் தங்குவார்கள். மதிக்குப் பதினொரு வயது. இதற்கு அனுமதி வாங்க அவள் அப்பாவிடம் பொங்கலில் இருந்து பேசிக்கொண்டிருந்தாள். அவர் பெயர் சேகர், மின்வாரியத்தில் லைன்மேன்.

"தூங்கறதுக்கு ஏன் அவ்ளோ தூரம் போவணும்? இங்கதான் ஃபேன் கீதே" என்பது அவர் தரப்பு. கடைசியில் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்: "சின்னதா ஒரு பிரச்சனைன்னு காதுல விழுந்தாலும் சரி, வண்டிய எடுத்துக்கினு வந்து இட்டுக்கினு வந்துடுவேன். அப்புறம் எந்த வருசமும் கேக்கக் கூடாது."

முகாம் ஆசிரியை போனில் சொன்னது சுருக்கமானது: "ஒரே ஒரு பைங்க. குழந்தையே தூக்கற மாதிரி." மதி அதன்படியே தன் பள்ளிப் பையில் துணி, துண்டு, டார்ச் எல்லாம் வைத்து முடித்திருந்தாள். ஜிப் சுலபமாக மூடிக்கொண்டது. எனக்கு அதுவே சந்தேகத்தைக் கிளப்பியது. பெரிய சிவப்புப் பையை எடுத்து, எல்லாவற்றையும் அதற்கு மாற்றினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் சந்தோஷத்துக்காக யாரும் பை கட்டியதில்லை. அப்பா ஊர் ஊராகக் கரும்பு வெட்டப் போனவர். அவருடையது ஒரு சாக்கு. அவர் நோயில் படுத்த பிறகு நான் கட்டியதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு. என் கைகளுக்குத் தெரிந்த வரிசை அது ஒன்றுதான் என்பது எனக்கே அப்போது தெரியாது. பிளாஸ்க், மூடி போட்ட டம்ளர், தட்டு, போர்வை, பாய், தைலம், பிரெட், குளுக்கோஸ், சாத்துக்குடி என்று கைகள் தாமாகவே எடுத்து வைத்தன.

"மா, பிளாஸ்க்கு எதுக்கு?"

"சுடுதண்ணி வேணும்னா?"

"மே மாசத்துலயா?"

"வேணும்னு வந்தா யாருகிட்ட போய் நிப்ப?"

"சாத்துக்குடி?"

"தெம்புக்கு."

சேகர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "புள்ள போவுதா, வூடே போவுதா?"

நான் ஓர் அட்டையில் மதியின் பெயரையும் ஊரையும் எழுதிப் பையில் கட்டினேன். வேலை நேரத்தில் நான் போன் எடுப்பதில்லை என்பதால் அதில் அவருடைய எண்ணைப் போட்டேன். அன்று அவருக்கு டியூட்டி. நானும் மதியும் மட்டும் கிளம்பினோம்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்ற பிறகு ஏறுகிறவருக்கு உட்கார இடம் இருக்காது. பஸ் உள்ளே திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டையோ பையையோ சீட்டில் போட்டுவிட வேண்டும். போட்டால் அந்த இடம் நமது. எந்தச் சட்டத்திலும் இல்லாத இந்த உரிமையை எல்லோரும் மதிப்பார்கள். நானும் ஓடினேன். பை ஜன்னலில் சிக்கிக்கொண்டது. எனக்கு முன்பே உள்ளே போய்விட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள ஆள் கீதா?"

"கொஞ்சம் இழுங்கண்ணே."

அவர் இழுத்தார், நான் தள்ளினேன், பை சீட்டில் போய் உட்கார்ந்தது. வெற்றியோடு மதியின் கையைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தால், கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"எங்கம்மா?"

"திண்டிவனம்."

"ஏறாத. இது பைபாஸ். திண்டிவனம் உள்ள போவாது."

"என் பை உள்ள கீதுங்க."

"அல்லாரும் இதையேதான் சொல்றீங்க. ஏறிட்டு அப்புறம் பாலத்தாண்ட எறக்கி வுடுன்னு அழுவீங்க."

"நெஜமாவே கீதுங்க. சேப்பு பை, ஜன்னலாண்ட."

அதற்குள் எனக்கும் படிக்கட்டுக்கும் நடுவே பத்துப் பேர் புகுந்திருந்தார்கள். விசில் அடித்தது. பஸ் திரும்பும்போது முன்கண்ணாடியைப் பார்த்தேன். கிளாம்பாக்கம் என்றும், அதன் கீழே கை அகல எழுத்தில் பைபாஸ் என்றும் இருந்தது. பிறர் எழுத்தில் ஒற்று விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிக்கிறவள் நான்.

மதி பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அப்பாகிட்ட சொல்லுவியா?" என்றாள்.

"சொன்னா அனுப்ப மாட்டாரு."

"அப்ப சொல்லாத."

"மாத்தறதுக்குத் துணி?"

"திண்டிவனத்துல கடையே இல்லியா?"

அடுத்த பஸ்ஸில் திண்டிவனம் வரை நின்றுகொண்டே போனோம். போட்டு வைக்கப் பை இல்லாததால் இடமும் இல்லை. வழியில்தான் அந்த அட்டை நினைவுக்கு வந்தது. பையை எடுத்தவர் கூப்பிட்டால் நேராகச் சேகருக்குத்தான் போகும். கம்பத்தில் ஏறும்போது போனை வண்டிப் பெட்டியில் போட்டுவிடுவார், சாயங்காலத்துக்குள் எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். திண்டிவனத்தில் துணியும் துண்டும் பிரஷும் வாங்கினோம். எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கின.

முகாம் வாசலில் இருந்து தங்கும் இடம் வரை பாறையும் மண்ணுமான பாதை. மற்ற பிள்ளைகள் சக்கரப் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மதி மஞ்சப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர்களைத் தாண்டி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

தோப்புக்குள் செல்போனில் சிக்னல் கோடு விழவில்லை. மெயின் ரோட்டுக்கு நடந்து வந்ததும் திரை நிறையச் சேகரின் அழைப்புகள். எடுப்பதற்குள் மறுபடி மணி அடித்தது.

"எந்த வார்டு?" என்றார். குரல் அவருடையது போலவே இல்லை.

"இன்னா வார்டு?"

"மதி எந்த வார்டுல கீறா, சொல்லு கலா. மறைக்காத."

நடந்ததைப் பிறகு துண்டு துண்டாகச் சேர்த்துப் புரிந்துகொண்டேன். அந்தச் சீட்டில் உட்கார்ந்தவர் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் உள்ள காணையைச் சேர்ந்த அஞ்சலாட்சி என்ற பெண், சென்னையில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போகிறவர். உரியவர் வருவார் என்று பையை நகர்த்தி மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். யாரும் வரவில்லை. அட்டையில் இருந்த எண்ணைக் கூப்பிட்டார், எடுப்பார் இல்லை. ஜிப்பைத் திறந்தார். பிளாஸ்க், டம்ளர், பாய், பிரெட், சாத்துக்குடி. எங்கள் பக்கத்தில் இருந்து சென்னைக்குப் போகிற இப்படிப்பட்ட பைக்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. அட்டையில் பெண் குழந்தை பெயர் வேறு. கிளாம்பாக்கத்தில் இறங்கி, மகன் வீட்டுக்குப் போகாமல், இன்னொரு பஸ் பிடித்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கே போய்விட்டார். வார்டு வார்டாக ஏறி, "விழுப்புரத்து மதிவதனி கீறாளா?" என்று கேட்டிருக்கிறார்.

கம்பத்தில் இருந்து இறங்கிய சேகர் அந்த எண்ணைத் திருப்பிக் கூப்பிட்டபோது அஞ்சலாட்சி சொன்ன முதல் வாக்கியம்: "மதிவதனி அப்பாவாங்க? நான் ஆஸ்பத்திரில தான் நிக்கிறேன், புள்ளைய எங்க வச்சிருக்கீங்க?"

அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் சேகரின் காதில் ஏறவில்லை. என்னைக் கூப்பிட்டால் லைன் போகவில்லை. சென்னைக்கே போய்விடுவதென்று வண்டியை எடுத்துவிட்டார். நான் பேசும்போது திண்டிவனம் பாலத்தருகே நின்றிருந்தார்.

பை போன கதையைச் சொன்னேன். பிறகு, "நீ அங்கியே நில்லு. நான் கண்ணால பாக்கணும்" என்றார்.

காக்கிச் சட்டையும் இடுப்பு பெல்ட்டில் கட்டிங் பிளேயருமாக வந்து இறங்கினார். கண் சிவந்திருந்தது. நிபந்தனை என் நினைவில் இருந்தது. அவர் நினைவில் இருந்ததா என்று கேட்கத் துணிச்சல் இல்லை. இருவரும் முகாமுக்குப் போய்க் கூப்பிட்டதும் வாசலுக்கு வந்த மதியின் கையெல்லாம் மண். அப்பாவை மேலிருந்து கீழாகப் பார்த்தாள்.

"இன்னாப்பா, கரண்டு போயிடிச்சா?"

சேகர் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு அண்ணாந்து, தோப்புக்குள் போகும் ஒயரைப் பார்த்தார்.

"ஆமா. இந்தப் பக்கம் ஒரு கம்ப்ளெயின்ட். அப்டியே பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, "நல்லவேளைங்க, பாத்ரூம்ல ஒரு லைட் எரியல" என்றார். சேகர் போய் அதைச் சரிசெய்தார். திரும்பி வந்து, "சாப்டியா?" என்றார். மதி தலையாட்டினாள். "ராத்திரி பயமா இருந்தா..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டு வண்டியை உதைத்தார். மதியையும் ஏற்றிக்கொள்வார் என்று வண்டியில் இடம் விட்டு உட்கார்ந்திருந்த நான், மெல்ல முன்னால் நகர்ந்துகொண்டேன்.

மயிலம் ரோடு பிரியும் இடத்தில்தான் அவர் வாய் திறந்தார்.

"சாத்துக்குடி எதுக்கு வச்ச?"

"தெம்புக்கு" என்றேன்.

அடுத்த வாரம் ஊர் திரும்பிய அஞ்சலாட்சி அக்கா பையை வீட்டுக்கே கொண்டுவந்தார். பை கொஞ்சம் இளைத்திருந்தது.

"ரொட்டி கெட்டுடும்னு ஒரு வார்டுல குடுத்துட்டேம்மா. பழம், குளுக்கோஸு, பாயி கூட. திருவாமாத்தூர்காரங்க, அவசரத்துல ஒண்ணுமே எடுத்தாராம புள்ளைய தூக்கிக்கினு ஓடியாந்துட்டாங்க. தப்பா நெனச்சிக்காத."

தப்பாக நினைக்கவில்லை. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய பை, அது போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது. நான்தான் வேறு ஊருக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தேன்.

மதி அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் முகாமுக்குப் போகிறாள். பையை அவளே கட்டுகிறாள். நான் அந்த அறைக்குள் வரக் கூடாது என்பது அவள் சட்டம். மே மாதம் பிறந்தால் காணையில் இருந்து சேகருக்குப் போன் வரும். அவர் ஸ்பீக்கரில் போடுவார், வீடே காத்திருக்கும்.

"இன்னாப்பா," என்பார் அஞ்சலாட்சி அக்கா, "இந்த வருசம் புள்ள எந்த வார்டு?"