திரைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர்

இங்கிலீஷில் கையெழுத்துப் போடத் தெரிந்தவனை நம்பி எந்தக் காரியத்திலும் இறங்கக் கூடாது. அப்படி ஒருவனை நம்பி எங்கள் மாமனார் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏனென்றால் அந்த ஒருவன் நான்.

யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். தெற்குவாசல் பக்கம் மாமனார் வீட்டோடு மாப்பிள்ளையாக இருந்தேன். (வெட்கம் என்ன வேண்டிக் கிடக்கிறது, சோறு நன்றாக இருந்தது.) மாமனாரும் மாமியாரும் ஹஜ்ஜுக்குப் புறப்பட ஏற்பாடாயிற்று. கப்பலேறிப் போகிறவர்கள் திரும்பி வருவார்கள் என்று யாரும் அடித்துச் சொல்லாத நாட்கள் அவை. அதனால் மாமியார் தன் பேரில் இருந்த அந்த வீட்டை ஒரே மகளான ஜைனபுக்கு, அதாவது என் மனைவிக்கு, எழுதி வைத்துவிட்டுப் போக நினைத்தார். பத்திரமும் எழுதியாயிற்று. ரிஜிஸ்டர் ஆகாமல் அவர் கப்பலேறி, அங்கே ஏதாவது ஆகிவிட்டால், பங்கு கேட்டு எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். ஜைனபு அந்தக் கவலையில் ஒழுங்காகச் சாப்பிடக்கூட இல்லை.

திரைமறைவில் இருக்கும் கோஷாப் பெண்கள் ஆபீசுக்கு வர வேண்டியதில்லை. மனுக் கொடுத்தால் சப்ரிஜிஸ்திராரே வீட்டுக்கு வந்து பதிவு செய்வார். மனுக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கோ சர்க்கார் ஆபீஸ் என்றாலே பயம். மூன்று தடவை வாசல் வரை போனேன். மூன்று தடவையும் பக்கத்துக் கடையில் காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். வீட்டில் மட்டும் "ஆபீசர் நம்ம சொன்னா வந்துருவாரு" என்று அளந்துகொண்டிருந்தேன். கடைசியில் மனுக் கொடுத்து அவர் வந்து சேர்ந்தபோது, மறுநாள் காலை ரயில்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பத்திரம் எழுதிக் கொடுப்பவர் இன்னார்தான் என்று அடையாளம் சொல்ல ஒரு சாட்சி வேண்டும். சொந்தப் புருஷன் சாட்சி கூடாது என்பது அந்த ஆபீசரின் கண்டிப்பு. செல்லூரில் நூல் கடை வைத்திருந்த மாமியாரின் அண்ணனைக் கூப்பிடலாம் என்றார் மாமனார். அவர் தமிழிலேயே தட்டுத்தடுமாறித்தான் கையெழுத்துப் போடுவார். நான் விடுவேனா? "அவரு எதுக்கு மாமா, நான் இருக்கேன்ல" என்றேன். மாமனாருக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. பயண அவசரத்தில் இருந்த மனுஷர், பாவம்.

உள்ளறை வாசலில் ஜமுக்காளத்தைத் திரையாகக் கட்டியிருந்தோம். சப்ரிஜிஸ்திரார் நாற்காலியில் உட்கார்ந்தார். பியூன் மைப்பலகையும் ரேகைப் புத்தகமுமாக நின்றான். மாமனார் வாசலில் வழியனுப்ப வந்தவர்களோடு பேசிக்கொண்டிருந்தார். எழுதிக் கொடுக்கும் அம்மாளைத் தெரியுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். நன்றாகத் தெரியும் என்றேன். எத்தனை வருஷமாக என்றார். இரண்டு வருஷமாக, ஒரே வீட்டில் என்றேன், மார்பை நிமிர்த்தி.

"அப்படின்னா உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்து, யார்னு சொல்லுங்க. தப்பாச் சொன்னா ஆள்மாறாட்டக் கேஸ். ஜெயில்."

கடைசி வார்த்தையை, குழம்பில் உப்புக் குறைவு என்பது போலச் சொன்னார்.

திரையை விலக்கி உள்ளே போனேன். ஐந்து பெண்கள். என்னைக் கண்டதும் ஐந்து பேரும் வெள்ளைத் துப்பட்டியை முகத்துக்கு இழுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் என் மாமியாரின் முகத்தைப் பார்த்ததே இல்லை!

மார்க்கம் அப்படிச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்து மரியாதை அப்படி. மருமகன் முன்னால் மாமியார் வரமாட்டார், பேசவும் மாட்டார். அவர் ஆக்கியதைத் தின்றிருக்கிறேன், இருமலைக் கேட்டிருக்கிறேன், கதவிடுக்கில் சேலை நுனி மறைவதைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். ஜைனபு அடுப்படியில் ஆபீசருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இத்தனை அளந்த பிறகு எப்படிக் கேட்பது?   ஹஜ்ஜுக்குப் போகிறவரைத்தான் நடுவில் உட்கார வைப்பார்கள் என்று நானாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

"நடுவுல இருக்காங்களே, அவங்கதான் சார்."

நிச்சயமா என்றார். நிச்சயம் என்றேன். 

நடுவில் இருப்பவர் இடது கையை நீட்டும்படி பியூன் சொன்னான். திரைக்கு அடியில் ஒரு கை வந்தது. பெருவிரலில் மை தடவி, புத்தகத்தின் மேல் கொண்டுபோய்விட்டான். இன்னும் அரை விரற்கடை தூரம்தான். அப்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்ள, நான் இங்கன ஓரத்துல இருக்கேன். அது அடுத்த வீட்டு மைமூன்."

இரண்டு வருஷத்தில் மாமியார் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். (வழியனுப்ப வருகிறவர்களிடமும் சர்க்கார் கைநாட்டு வாங்கும்போல என்று நினைத்துத்தான் கையை நீட்டியதாக மைமூன் பிறகு சொன்னார்.)

சப்ரிஜிஸ்திரார் புத்தகத்தை மூடினார். என்னைப் பார்த்த பார்வையில் கைவிலங்கு தெரிந்தது. சத்தம் கேட்டு மாமனார் ஓடி வந்தார். நான் அழுதுவிடும் நிலையில் இருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து மறுபடி மாமியார்தான் பேசினார்.

"அய்யா, அவுகள ஒண்ணும் செஞ்சுராதீக. அவுக என்னயப் பாத்ததே இல்ல. அம்புட்டு நாளும் நான்தான் ஒளிஞ்சு ஒளிஞ்சு போனேன். தப்பு எம்பேர்ல."

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, ஐந்து மணி வரை காத்திருப்பதாகவும், முகம் பார்த்துப் பழகிய சாட்சி ஒருவர் வந்தாக வேண்டும் என்றும் சொன்னார். மணி அப்போது நாலேகால்.

யாருடைய சைக்கிள் என்று இன்றுவரை தெரியாத ஒரு சைக்கிளில் வைகைப் பாலத்தைத் தாண்டிச் செல்லூருக்குப் பறந்தேன். மாமியாரின் அண்ணன் நடந்ததைக் கேட்டுவிட்டு, "இங்கிலீசு கையெழுத்து என்னாச்சு மாப்ள?" என்று மட்டும் கேட்டுப் பின்னால் ஏறிக்கொண்டார். கனத்த உடம்பு. திரும்பும் வழியெல்லாம் எனக்கு மூச்சு மேலும் கீழும் வாங்கியது. ஐந்து அடிக்கச் சில நிமிஷம் இருந்தபோது, அவர் நாலு எழுத்தை உழுது முடித்தார். வீடு ஜைனபுக்கு ஆயிற்று.

மறுநாள் காலை ரயிலடியில் அத்தனை பேருக்கு நடுவில் மாமியார் என்னை ஜன்னலருகே கூப்பிட்டார். துப்பட்டியை விலக்கினார். ஜைனபின் அதே மூக்கு.

"நல்லாப் பாத்துக்கிருங்க மாப்ள. அங்கன நான் மவுத்தாப் போனா, இன்னாருதான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்ல."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது.

அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். பிறகு இருபது வருஷம் என்னிடம் பேசாத நாளில்லை. பெரும்பாலும் திட்டுத்தான். இப்போதும் எங்கள் குடும்பத்தில் நிக்காஹ் முடிந்ததும், பெண்ணின் தாயாரைப் புது மாப்பிள்ளைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, "நல்லாப் பாத்துக்கிருங்க, ஆபீசர் கேப்பாரு" என்பார்கள். பந்தலே சிரிக்கும். மாப்பிள்ளை மட்டும் ஒன்றும் புரியாமல் என் பக்கம் திரும்புவார். நான் பந்தல் துணியில் பூ எத்தனை என்று பார்த்துக்கொண்டிருப்பேன்.