வன்னியபெருமாள் அண்ணாச்சியின் வீரமார்பு

மார்பை விரித்துப் பெயர் வாங்கிய ஊர்கள் உலகத்தில் எத்தனையோ உண்டு. மார்பைக் குறைத்துப் பெயர் வாங்கிய ஊர் தூத்துக்குடி ஒன்றுதான். இந்தப் பெருமையை ஊருக்குத் தேடித் தந்தவர், கடற்கரைச் சாலையில் தோணிக்காரர்களுக்குக் கயிறு விற்றுவந்த வன்னியபெருமாள் அண்ணாச்சி. ஆண்மக்கள் அனைவரும் அவர் சரித்திரத்தைப் படித்துப் பயன் பெற வேண்டும் என்பதே இந்தக் கதையின் 'உயரிய நோக்கம்'.

அண்ணாச்சிக்குப் பதினான்கு வயதில் மீசை அரும்பியது. கூடவே மார்பும் அரும்பியது. மீசை பாதியில் நின்றுவிட்டது. மார்பு நிற்கவில்லை. முப்பத்தைந்து வயதில் அவரைப் பின்னாலிருந்து பார்ப்பவர்கள் 'அண்ணாச்சி' என்றும், முன்னாலிருந்து பார்ப்பவர்கள் 'அக்கா' என்றும் கூப்பிடலாம் போலிருந்தது. அதனால் அவர் சித்திரை வெயிலிலும் மனைவி முத்துக்கனியின் பழைய சேலையைக் கிழித்து மார்பில் இறுக்கிக் கட்டி, மேலே பனியன், அதற்கு மேலே சட்டை, அதற்கும் மேலே துண்டு என்று நான்கு அடுக்குப் பாதுகாப்போடு கடையில் உட்கார்ந்திருப்பார்.

ஊர் மக்கள் மிகவும் அன்பானவர்கள். கயிறு வாங்க வந்தவர்கள், "அண்ணாச்சி, பால் என்ன விலை?" என்று ஒரு தரம் விசாரித்துவிட்டுத்தான் கயிற்றைப் பற்றிப் பேசுவார்கள். அண்ணாச்சியும் கூடச் சேர்ந்து சிரிப்பார். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

"எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஊர்க்காரனுக்கு என்னவாம்?" என்பாள் முத்துக்கனி. ஆனால் அவளோடு மட்டும் குடித்தனம் நடத்த முடிந்தால் மனுஷனுக்கு ஊர் எதற்கு?

திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் சந்நிதிக்குள் போக வேண்டும். தலைப்பிள்ளைக்கு மொட்டை போட்டபோது குடும்பமே உள்ளே போயிற்று. அண்ணாச்சி மட்டும், "நீங்க போங்க, நான் செருப்பப் பாத்துக்கிடுதேன்" என்று வெளியே நின்றுகொண்டார். பதினேழு ஜோடிச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் அழுததை முருகன் தவிர யாரும் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டு ஆகஸ்டில் கடற்கரைச் சாலையில் 'வெள்ளையனே வெளியேறு' ஊர்வலம் வந்தது. போலீஸ் லத்தியோடு பாய்ந்தது. கடையை அடைத்துக்கொண்டிருந்த அண்ணாச்சியும் கூட்டத்தோடு ஓடினார். எல்லாரும் கையை வீசி ஓடினார்கள். அண்ணாச்சி இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிக்கொண்டு ஓடினார். குலுங்கினால் சிரிப்பார்களே! லத்திக்குப் பயந்ததைவிட அவர் சிரிப்புக்குத்தான் அதிகம் பயந்தார். கையைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன் எவ்வளவு தூரம் ஓடுவான்? நாலு எட்டில் குப்புற விழுந்து, புரண்டு, மல்லாந்து கிடந்தார்.

ஊர்வலத்தில் கொடி பிடித்து வந்த உப்பளத் தொழிலாளி பேச்சிமுத்து அதைப் பார்த்தான். ஓடிவந்து அண்ணாச்சியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டான். அண்ணாச்சிக்கு விழ வேண்டிய அடி அத்தனையும் அவன் முதுகில் விழுந்தது. போலீஸார் அவனைக் கைது செய்யத் தூக்கிப் பார்த்து, செத்துவிட்டான் என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் பேச்சிமுத்துவுக்கு உயிர் மிஞ்சியது; ஜெயிலுக்குப் போனதற்கான சீட்டு இல்லாமல் போயிற்று. அதற்குப் பிறகு குனிந்து உப்பு வார அவனால் முடியவில்லை.

நாற்பத்தாறில் அண்ணாச்சி ஒரு முடிவுக்கு வந்தார். பட்டினி கிடந்து பார்த்தாயிற்று. வயிறு வற்றியது, மார்பு வற்றவில்லை. தண்டால் எடுத்துப் பார்த்தாயிற்று. உள்ளே சதை கூடி, இருந்ததை இன்னும் முன்னுக்குத் தள்ளியது. யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு வெள்ளைக்கார டாக்டர் பாளையங்கோட்டைப் பக்கம் மிஷன் ஆஸ்பத்திரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, வெளியூரில் சங்கு ஏலத்துக்குப் போவதாக ஊராரிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

டாக்டர் வேதாகமத்தில் தமிழ் படித்தவர். அமுக்கிப் பார்த்தார்; வயிற்றைத் தட்டிப் பார்த்தார்; பார்க்கக் கூச்சமான இடத்தையும் பார்த்தார்; என்னென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார்.

"சகோதரனே, இது வெறும் கொழுப்பல்ல, சுரப்பி. பட்டினியால் இது போகாது. அநேக புருஷருக்கு இப்படி உண்டு. அவர்கள் எல்லாரும் ஒளித்துக்கொள்ளுகிறபடியால் நீ ஒருவனே என்று நினைத்தாய்."

அநேக புருஷருக்கு உண்டு! இருபது வருஷத்தில் யாரும் சொல்லாத சேதி. கத்தி படுவதற்கு முன்பே அண்ணாச்சிக்குப் பாதிப் பாரம் இறங்கிவிட்டது.

மயக்க மருந்து கொடுத்து, இரண்டு காம்புக்கும் கீழே பிறை போல் கீறி, உள்ளிருந்ததை எடுத்துத் தையல் போட்டார்கள். பிறகு டாக்டர் கட்டளைகளை அருளினார். "ஆறு வாரம் உன் கைகளைத் தோளுக்கு மேலே உயர்த்தாதே. பாரம் தூக்காதே. குப்புறப் படுக்காதே. கட்டைத் தளர்த்தாதே. சுருட்டுப் பிடிக்காதே, புண் ஆறாது. வீங்கும், பயப்படாதே. காம்பு பல மாதம் மரத்திருக்கும், கலங்காதே. ஒரு பக்கம் மாத்திரம் திடீரென்று பொங்கினாலும், காய்ச்சல் கண்டாலும், அந்நேரமே ஓடி வா. ஆறு மாதத்துக்கு முன்னே கண்ணாடியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே."

அண்ணாச்சி எல்லாக் கட்டளைகளையும் காத்தார். கடைசிக் கட்டளையை மட்டும் தினம் மூன்று தரம் மீறினார். ஒன்று வலது பக்கம் வீங்கிவிட்டது என்பார். இல்லாவிட்டால் இடது பக்கம் பள்ளம் விழுந்துவிட்டது என்பார். தன்னைக் கும்பிட்டவர்களுக்கு இடுப்பு உயரத்தில் கும்பிடு போட்டார். கயிற்றுச் சுருளை எல்லாம் முத்துக்கனிதான் தூக்கி வைத்தாள்.

"கண்ணாடியத் தூக்க மட்டும் கை வருதோ?" என்று கேட்டாள்.

ஆறு மாதம் கழித்து அண்ணாச்சி திருச்செந்தூருக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். சந்நிதியில் கும்பிட மறந்து தன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அதோடு சட்டைக்கு விடுமுறை கொடுத்துவிட்டார். கடையில் வெறும் மேல், தெருவில் வெறும் மேல், மார்கழிப் பனியிலும் வெறும் மேல். எப்படி வற்றியது என்று கேட்டவர்களிடம், "யோகாசனம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தார். அந்த வார்த்தையை நம்பி ஊரில் நான்கு பேர் தலைகீழாக நிற்கப் பழகிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நால்வரும் ஏன் பழகினார்கள் என்பது அண்ணாச்சிக்கு மட்டும் விளங்கியது.

நிற்க. நாடு சுதந்திரம் அடைந்தது. தியாகிகளுக்கு ஐந்து ஏக்கர் நிலம் என்று அறிவிப்பு வந்தது. ஜெயில் சீட்டு இல்லாதவர்களைச் சோதித்துச் சிபாரிசு செய்ய ஊரில் ஒரு 'தியாகிகள் தேர்வுக் கமிட்டி' அமைந்தது. தலைவர், பஞ்சு மண்டி ராஜதுரை. இவர் யுத்த நிதி திரட்டி வெள்ளைக்காரக் கலெக்டரிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தவர். ஆகஸ்டு பதினைந்தாம் தேதி காலையில் பத்திரத்தை உருவிவிட்டுப் பாரதமாதா படத்தைச் செருகினார். சட்டத்தை வீணாக்காத சிக்கனம் பாராட்டத்தக்கது. உறுப்பினர், தமிழாசிரியர் நயினார் புலவர். தியாகத்தை அளக்கும் கோல் அவரிடம் இருந்தது: "மார்பில் பட்டது விழுப்புண்; அது வீரனுக்கு. முதுகில் பட்டது புறப்புண், அது ஓடியவனுக்கு."

கொடிக்கயிறு வாங்க வந்த ராஜதுரை, அண்ணாச்சியின் வெறும் மார்பைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"என்னவே இது, ரெண்டு தழும்பு?"

அண்ணாச்சி துண்டைத் தேடினார். "அது... பழைய காயம்."

"நாப்பத்திரெண்டா? ஒம்ம கடை வாசல்லதான அடிதடி?"

அண்ணாச்சி வாயைத் திறக்கவில்லை. அது 'தன்னடக்கம்' என்று பதிவாயிற்று. 'வெள்ளையன் அடித்த அடியில் அமுங்கிப்போன மார்பு' என்று தீர்மானம் எழுதினார்கள். நாற்பத்திரண்டுக்கும் நாற்பத்தாறுக்கும் நடுவில் அந்த மார்பு அமுங்காமல் இருந்ததை ஊரே பார்த்திருந்தது. கேட்கத்தான் ஆளில்லை. விளாத்திகுளம் பக்கம் ஐந்து ஏக்கர் கரிசல் அண்ணாச்சி பெயருக்குச் சிபாரிசு ஆயிற்று.

"கயிறு சொமந்தவ நான். எனக்கு ஒரு ஏக்கர் உண்டுமா?" என்றாள் முத்துக்கனி.

மண்டி மாடியில் கமிட்டி கூடியது. அண்ணாச்சியை மாலை போட்டு நாற்காலியில் உட்கார்த்தியிருந்தார்கள். அன்றைய விண்ணப்பக்காரன் பேச்சிமுத்து. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறிவந்தான். அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தான். சட்டையைக் கழற்றித் திரும்பி நின்றான். முதுகு முழுக்கக் கயிறு கயிறாகத் தடித்திருந்தது.

புலவர் கண்களைப் பொத்திக்கொண்டார். "புறப்புண்! மூடும்!"

"ஏலே, முன்னால ஒண்ணும் இல்லியா? ஒரு கீறலாவது?" என்றார் ராஜதுரை.

"இல்லீங்கய்யா. முன்னால அண்ணாச்சி இருந்தாவ."

"பகைவன் அடிக்கையில் சற்றே மல்லாந்திருக்கலாகாதா?" என்று வருந்தினார் புலவர்.

"யோசன தோணலிங்கய்யா. அடி வேகமா விழுந்திச்சு."

'நிராகரிக்கப்பட்டது' என்று ராஜதுரை எழுதத் தொடங்கினார். அண்ணாச்சிக்கு மாலை கனத்தது. நிலம் கிடைக்காவிட்டால் பேச்சிமுத்துவின் பெண்டாட்டி சாகும்வரை உப்புப் பெட்டி சுமக்க வேண்டியதுதான். உண்மையைச் சொன்னாலோ, திரும்பவும் 'பால் என்ன விலை'. எழுந்து நின்றார்.

"எழுதாதிய. நான் அடியே வாங்கல. அன்னைக்கு அடி பூரா இவன் வாங்கினது. எனக்கு மாரு பொம்பளைக்கு இருக்க மாதிரி இருந்திச்சு. வெக்கம் தாங்காம ஆஸ்பத்திரியில போயி வெட்டி எடுத்தேன். இது அந்தத் தையலு."

இருபது வருஷம் நான்கு அடுக்குத் துணிக்குள் ஒளித்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். சபையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ராஜதுரையின் முகம் மட்டும் வெளுத்தது. சிபாரிசு கலெக்டர் ஆபீசுக்குப் போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் புலவரைப் பார்த்தார். புலவர் தொண்டையைச் செருமினார்.

"வெட்டியவன் எவன்?"

"டாக்டரு."

"எந்நாட்டான்?"

"சீமைக்காரரு."

"வெள்ளையன்! ஆயுதம்?"

"கத்தி. சின்னக் கத்தி."

"எந்த ஆண்டு?"

"நாப்பத்தாறு."

"அப்போது ஆட்சி எவருடையது?"

"வெள்ளக்காரனுதுதான்."

"கத்தி கண்டு ஓடினீரா?"

"மயக்க மருந்து குடுத்திருந்தாங்கய்யா. எப்படி ஓட?"

"ஓடவில்லை என்று எழுதும்!" என்று புலவர் முழங்கினார். "வெள்ளையன் ஆட்சியில், வெள்ளையன் கத்தியை, மார்பில், இரண்டு இடத்தில், மல்லாந்து கிடந்து ஏற்ற மாவீரர்! தம் விழுப்புண்ணைத் தாமே மறுக்கும் அடக்கம் வேறு!"

கைதட்டல் எழுந்தது. இன்னொரு மாலை விழுந்தது.

"அப்படின்னா என் நெலத்த இவனுக்குக் குடுங்க" என்று கத்தினார் அண்ணாச்சி.

"மாத்திக் குடுக்கச் சட்டத்துல எடமில்ல" என்றார் ராஜதுரை.

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா அடுத்த பேருக்குப் போகும். எங்க மச்சினன் ஒருத்தன். ஊர்வலம் பாக்க வேலி ஏறையில மாருல முள்ளுக்கம்பி கீறிட்டு."

பேச்சிமுத்துவுக்கும் கமிட்டி நியாயம் செய்யாமல் விடவில்லை. 'அடுத்த சுதந்திரப் போராட்டத்தில் தக்க இடத்தில் காயம்பட்டு, மீண்டும் விண்ணப்பிக்கவும்' என்று எழுதி முத்திரை குத்திக் கையில் கொடுத்தார்கள்.

இருவரும் மாடிப்படியில் இறங்கினார்கள். அண்ணாச்சி பேச்சிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது. கடைசிப் படியில் பேச்சிமுத்து மூச்சு வாங்க நின்றான்.

"அண்ணாச்சி, அந்த டாக்டரு இன்னும் இங்கனதான் இருக்காரா?"

"சீமைக்குப் போயிட்டாருலே. என்னத்துக்குக் கேக்க?"

"முதுகுல கெடக்கத வெட்டி மாருல ஒட்டிவிடுவாரான்னு கேக்கலாம்னுதான். நாட்ட மீட்க முதுகு போதும்னு இருந்துட்டேன் அண்ணாச்சி. நெலம் வாங்க மாருதான் வேணுங்காவ."