கிளிச் சங்கத்துக்குக் கிளியோடு போனேன்

என் எழுத்து கோணலாகத்தான் வரும், மன்னிக்கணும். நாலாங்கிளாசோடு நைனா என்னை மாடு மேய்க்க அனுப்பிட்டார். ஞாபகமும் முன்ன மாதிரி இல்லை. ஆனால் திருப்பதி மண்டபத்தில் என் மானம் போனது மட்டும் மறக்க மாட்டேன் என்கிறது. (மறந்தாலும் வீட்டில் விடமாட்டார்கள்.)

பாலசமுத்திரம் பக்கம் எங்களுக்குக் கொய்யாத் தோப்பு. ஊரில் எல்லாரும் கிளி வராமல் வலை கட்டினார்கள். என் மகன் குமார் மட்டும், "கட்டலாம்மா, இன்னா அவசரம்?" என்றே காலத்தை ஓட்டினான். தலை போன தென்னை ஒன்று நின்றது. வெட்ட வருகிறேன் என்ற ஆள் வரவேயில்லை. அதன் பொந்துகளில் கிளிகள் குஞ்சு பொரித்து, எங்கள் பழத்தைத் துன்னுக்கினு சௌக்கியமாக இருந்தன. அதற்காகத் திருப்பதியில் ஒரு கிளிப் பாதுகாப்புச் சங்கம் எனக்குப் பொன்னாடை போடக் கூப்பிட்டது. எங்கள் குடும்பச் சோம்பேறித்தனத்துக்கு இப்படி ஒரு பெரிய பேர் இருப்பது அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் தென்னையிலிருந்து இறக்கை ஒடிந்து விழுந்த குஞ்சுதான் என் பங்காரு. ஊறவைத்த கடலை ஊட்டி வளர்த்தேன். நான் கூச்சக்காரி. மருமகள் சுஜாதா பாலை அடுப்பில் வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கினு நிற்பாள். கேட்க எனக்கு வாய் வராது. கூண்டண்டை போய், "சுஜாதா, பால் பொங்குது, போனைக் கீழ வை" என்று முணுமுணுப்பேன். பங்காரு அதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தும். எங்கள் வீட்டில் மாமியார் உத்தியோகம் பார்த்தது அதுதான்.

கிளிக்கு விழா, கிளி இல்லாமல் போனால் மரியாதையா? (இதுதான் என் புத்தி.) கூண்டைக் கழுவிப் பொட்டு வைத்து, மல்லிப்பூ சுற்றினேன்.

"அத்தை, அங்க வர்றவங்கெல்லாம் பெரிய மனுஷங்க" என்றாள் சுஜாதா.

"நம்ம பங்காரு மட்டும் லேசுப்பட்டதா?" என்று பஸ் ஏறினேன். அவளும் கூட வந்தாள்.

சங்கத் தலைவர் மாந்தோப்புகளை வெட்டி பிளாட் போட்டு விற்கிறவர். கூண்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடடே! மேடையில பறக்க விட்டுடலாம். டிவிக்காரங்க வந்திருக்காங்க."

"இறக்கை ஒடிஞ்சது சார். பறக்காது."

"சுதந்திரம் கிடைச்சா தானா பறக்கும்மா!" என்று கூண்டை வாங்கிக்கொண்டார். வேணாம் என்று சொல்ல அந்தப் பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

அவர் பறவைகளின் விடுதலையைப் பற்றி நீளமாகப் பேசிவிட்டுக் கூண்டைத் திறந்தார். மண்டபமே போனைத் தூக்கிப் பிடித்தது. பங்காரு மேஜைமேல் நடந்து வந்து, தலையைச் சாய்த்து எல்லாரையும் ஒருமுறை பார்த்தது.

"சுஜாதா! பால் பொங்குது! போனைக் கீழ வை!"

பாதிப்பேர் கீழே வைத்துவிட்டார்கள். முதலில் வைத்தது சுஜாதா.

தலைவருக்குக் கோபம். பங்காருவைப் பிடித்து மேலே வீசக் கையை ஓங்கினார். நான் எப்படி மேடை ஏறினேன் என்று தெரியாது. "எறிஞ்சின்னா கையை ஒடிச்சுடுவேன்!" என்று கத்தியிருக்கிறேன். பக்கத்திலேயே மைக்.

முன்வரிசையிலிருந்து காட்டு இலாகா ஆபீசரம்மா எழுந்து, "ஈ சிலுக எவரிதி?" என்றாள், யாருடைய கிளி என்று. தலைவரின் விரல்தான் முதலில் என் பக்கம் நீண்டது.

கிளியை வீட்டில் வளர்ப்பது சட்டப்படி தப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரியும். "டாக்டர் இறக்கையைப் பாக்கணும்மா, காப்பகத்துல விடு" என்று ஆபீசரம்மா தன்மையாகத்தான் சொன்னாள். வந்ததுமே போர்த்திவிட்ட பொன்னாடையால் கண்ணைத் துடைத்தேன். (அதில் துடைக்காதீர்கள், ஜரிகை குத்தும்.) வெறும் கூண்டோடு பஸ் ஏறினோம். பஸ்ஸில் என்னைவிட அதிகம் அழுதது சுஜாதாதான். "இனிமே யாரு அத்தை என்னைத் திட்டுவாங்க?" என்றாள்.

கொஞ்ச மாசம் கழித்து ஆபீசரம்மாவே போன் செய்தாள். "காட்டுக்குத் திரும்பப் போற கிளிங்க மனுஷப் பேச்சை மறக்கணும்மா. உன் பங்காரு எல்லாத்துக்கும் கத்துக் குடுத்துடுச்சு. பாக்க வர்றவங்க போட்டோ எடுத்தா மொத்தமா சேர்ந்து திட்டுதுங்க!"

பங்காருவுக்குத் தனி அறை கிடைத்துவிட்டது. அதற்கு இனிப் பறக்க வராதாம். நாங்கள் மாசாமாசம் போகிறோம். உள்ளே போகுமுன் சுஜாதா போனைப் பையில் போட்டுவிடுவாள். சொந்தக்காரர்கள் எங்களுக்கு போன் செய்தால் ஹலோ சொல்வதில்லை. "பால் பொங்குது" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

பங்காரு பாடம் நடத்துவது தெரிவதற்குள் சிஷ்யக் கிளிகள் சிலதை மலைப்பக்கம் பறக்க விட்டுவிட்டார்களாம். இது நிஜமா, ஆபீசரம்மா விளையாட்டுக்குச் சொன்னாளா, எனக்கு ஞாபகமில்லை. மலைக்கு நடந்து போகிறவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். மரத்திலிருந்து போனைக் கீழே வைக்கச் சொல்லி அதட்டல் வந்தால், சுஜாதா பேரையும் சொன்னதா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அவளுக்குத் தெரியணுமாம்.